ஒடியாத பின் ஆக்ஸில்

தாராவியில் தையல் பட்டறை நடத்தும் எனக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் பிக்கப் வண்டியை மலைச்சேற்றில் ஏற்றுவதுதான் உயிர். போன மழைக்காலத்தில் ஒரு பாறைமேட்டில் பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸில் இரண்டாம் முறையாக ஒடிந்தது. மெக்கானிக்கான என் தம்பி, "இனி அதே மாதிரி போட்டா ஆவாதுக்கா. இன்னும் உறுதியா ஒண்ணு பாப்போம்" என்றான்.

கோவண்டியில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் யார்டுக்குப் போனோம். அவன் நேராக ஒரு லாரி ஆக்ஸிலிடம் போய் நின்றான். "இது ஒடியவே ஒடியாதுக்கா!"

கழுத்தில் கிடந்த தையல் டேப்பால் அளந்தேன். எங்களுடையதைவிட ஒரு சாண் நீளம். நடுவிலிருந்த கியர் உருண்டையும் பெரிது.

"ஏல, இது கல்லுல இடிச்சு நிக்கும். சக்கரம் வேற வெளிய துருத்தும்."

முகம் தொங்கிப்போனவன் அடுத்த குவியலுக்குள் புகுந்தான். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து கத்தினான்: "யக்கா, ஓடியா!"

பழைய ராணுவ வண்டியின் ஆக்ஸில். நீளமும் கியர் உருண்டையும் அச்சு அசலாக எங்களுடையது போலவேதான். உள்ளே சுழலும் தண்டு மட்டும் கால் இஞ்சு கூடுதல் தடிமன். சந்தோஷத்தில் இரண்டு முறை அளந்தேன். யார்டுக்கார பாய், "ஏக்தம் மஜ்பூத்!" என்று அதன் உறுதியைத் தட்டிக் காட்டினார்.

அந்த வாரமே மாட்டினோம். ஞாயிறு காலை பாறைமேட்டில் முதல் கியரில் விட்டேன். சக்கரம் வழுக்கியது, பிடித்தது, ஏறியது. உச்சியில் இறங்கிக் குனிந்து பார்த்தேன்; ஆக்ஸில் ஒடியவில்லை. கீழே தம்பி சேற்றில் குதித்து ஆடிக்கொண்டிருந்தான்.