பத்தாம் இலக்கத்துக்கு ஓய்வு

தென் லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கும் சிவகௌரிக்கு வயது ஐம்பத்தைந்து. கிழமை நாட்களில் கடை. ஞாயிற்றுக்கிழமையானால் கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு உள்ளரங்கில் நிற்பாள். யாழ்ப்பாணத்தில் அவள் படித்த கல்லூரியின் பழைய மாணவர் சங்கம் லண்டனில் ஒரு பெண்கள் கூடைப்பந்து அணி வைத்திருந்தது. அதற்கு அவள்தான் பயிற்சியாளர்.

அமெரிக்கக் கல்லூரிகளில் பெரிய ஆட்டக்காரரின் ஜேர்சி இலக்கத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள், பிறகு அதை ஒருவரும் அணியமுடியாது என்று யாரோ சொல்லப்போக, சங்கத் தலைவர் சபாரத்தினம் அதைப் பிடித்துக்கொண்டார். வருடாந்த இராப்போசனம் தோறும் ஓர் இலக்கம் ஓய்வு பெற்றது. அந்த ஜேர்சி கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒருவர் பெயரோடு சங்கச் சுவரில் ஏறியது. முதல் வருடம் மண்டபத்துக்குக் காசு கொடுத்தவர். அவர் பந்தைத் தொட்டதே இல்லை. அடுத்த வருடம் சாப்பாடு கொடுத்தவர். அதற்கடுத்து அவருடைய சகலன். கல்லூரியில் நான்கு முதல் பதினைந்து வரைதான் இலக்கம், மரபை மீற ஏலாது என்று செயற்குழு அடம்பிடித்ததால், களத்தில் ஐந்து பேர் இறங்கவேண்டிய பிள்ளைகளுக்கு மிஞ்சியது நான்கே இலக்கங்கள். போன கோடைச் சுற்றுப்போட்டியில் வேறொரு கல்லூரியின் சங்கத்திடம் ஜேர்சி இரவல் வாங்கி, நெஞ்சில் இருந்த பெயரை டேப்பால் மறைத்துக்கொண்டு ஆடினார்கள். சிவகௌரிக்குக் கூசிப்போயிற்று.

இந்த வருடம் பத்தாம் இலக்கம் என்று கூட்டத்தில் அறிவித்தார்கள்.

"அது மேரிறோஸின்ரை இலக்கம்," என்றாள் சிவகௌரி. "அவவுக்குத்தானே?"

சபாரத்தினம் தொண்டையைச் செருமினார். "தவமலருக்கு."

தவமலர் அவருடைய மனைவி.

"அண்ணை, அவ எப்ப விளையாடினவ?"

"கல்லூரியிலை படிச்சவதானே. மேரிறோஸ் சங்கத்துப் பக்கம் தலைவைச்சும் படுக்கிறேல்லை."

"ஃபாரஸ்ட் கேட்டிலை முதியோர் இல்லத்திலை ஞாயிறு ஷிப்ட் செய்யிறா. வரச்சொன்னால் எப்பிடி வருவா?"

"அப்ப அவவுக்கும் ஒண்டு குடுப்பம். இன்னும் மூண்டு இருக்குத்தானே!"

எல்லோரும் சிரித்தார்கள்.

கல்லூரிக் காலத்து மாகாண இறுதியாட்டத்தில் கணுக்கால் பொங்கி வீங்கியிருக்க, அந்தப் பத்தாம் இலக்கத்தோடு கடைசிக் கூடையைப் போட்டவள் மேரிறோஸ். அந்தப் பந்தைக் கொடுத்தவள் சிவகௌரி. அந்த இலக்கம் இன்னொருத்தியின் பெயரில் சுவரில் ஏறினால், அந்த ஆட்டமும் அவளுடையதாகிவிடும். கேட்பதற்கு ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

பாராட்டுரையை வழக்கம்போலப் பயிற்சியாளரே வாசிக்கவேண்டும் என்றார்கள். மாட்டேன் என்றால் வேறு யாரோ வாசிப்பார்கள். ஓம் என்றாள்.

ரெய்னர்ஸ் லேன் மண்டபத்தில் இராப்போசனம். சிவகௌரி மைக்கைப் பிடித்தபோது புரியாணி வந்துவிட்டது. கையில் இருந்த தாளில் 'தவமலர்' என்று வந்த இடமெல்லாம் அவள் 'மேரிறோஸ்' என்று வாசித்தாள். தாளில் இல்லாத இறுதியாட்டத்தையும் வீங்கிய காலையும் சொன்னாள். கடைசியில் இன்னொருமுறை அழுத்திச் சொன்னாள்: "பத்தாம் இலக்கத்தில் ஆடியவர் மேரிறோஸ். வேறு ஒருவரும் இல்லை."

கோபத்துக்காகக் காத்து நின்றாள். மைக்கைப் பறிப்பார்கள் என்றுகூட நினைத்தாள்.

கைதட்டினார்கள்.

முன் மேசையில் ஒருவர் கோழிக்காலை வாயில் வைத்துக்கொண்டே தட்டினார். சபாரத்தினம் கைபேசியைக் காதில் வைத்தபடி மற்றக் கையால் மேசையைத் தட்டினார். ஒரு கிழவர் எட்டிப்பார்த்து, "நல்லா வாசிச்சாய் பிள்ளை, குரல் கணீரெண்டு இருக்கு!" என்றார். ஒரு சொல்கூட ஒருவர் காதிலும் ஏறவில்லை. எட்டு வருடமாக இப்படித்தான் தட்டியிருக்கிறார்கள். யார் பெயருக்கும் தட்டியிருப்பார்கள்.

தவமலர் பட்டுச்சேலை சரசரக்க மேடையேறி, கண்ணாடிச் சட்டத்தை வாங்கிக்கொண்டு சிவகௌரியின் பக்கம் குனிந்தாள்.

"ஆரடி அந்த மேரிறோஸ்?"

ஒருத்தி கேட்டிருக்கிறாள்! சிவகௌரிக்கு நெஞ்சு ஒருகணம் துள்ளியது.

"உங்கடை கையிலை இருக்கிறது அவவின்ரை இலக்கம், அக்கா."

"ஐயோ பாவம்," என்றாள் தவமலர். பிறகு படக்காரனைக் கண்டு, முகம் மறையாமல் சட்டத்தைச் சற்றே இறக்கிப் பிடித்தாள். "நீயும் கிட்ட வாவன். ஏன் முகத்தை உப்பிடி வைச்சிருக்கிறாய்? படத்திலை வடிவாயிராது."

சிவகௌரி மைக்கைத் தரையில் வைத்துவிட்டு இறங்கி வெளியே நடந்தாள்.