முதல் கூப்பாட்டுக்குப் பதில்

எங்கள் தோட்டத்தில் பொழுது சாய்ந்த பிறகு யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் முதல் தடவை வாய் திறக்கக் கூடாது. இரண்டாவது தடவையும் கூடாது. மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் மனிதர். மனிதரல்லாத மற்றது ஒரு தடவையோடு, மிஞ்சினால் இரண்டோடு நிறுத்திக்கொள்ளும். பதில் சொன்னவன் போய்ச் சேர்ந்தான் என்று அர்த்தம். ஜொகூரில் ரெங்கத்துக்குப் பக்கத்தில் ரப்பர் பால்மரக் காட்டுக்கு நடுவே தொழிலாளர் லயத்தில் பிறந்த எனக்கு, இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. நடக்கப் பழகியது போல இதுவும் வந்துவிட்டது.

இந்தப் பழக்கம் வாலிபால் விளையாட்டில் என் காலை வாரும் என்று யார் கண்டது?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தேன். தேகப்பயிற்சியும் ஒரு பாடம். அதில் தவறினால் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லையென்றால் பழையபடி விடியற்காலையில் பால்வாளியைத் தூக்க வேண்டியதுதான். பந்தைத் தட்டுவதும் போடுவதும் எல்லாருக்கும் வந்துவிட்டது. இரண்டாம் ஆண்டில்தான் வாத்தியார் உண்மையான வித்தைக்கு வந்தார். மதராசில் படித்தவர், கறாரான மனிதர். நான் எகிறி அடிக்க, வலைக்குப் பக்கத்தில் ஒருவன் நின்று பந்தைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். அதுவும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலைக்குப் பின்னால். எதிரணிக்குப் பந்து எந்தப் பக்கம் போகும் என்றே தெரியாது. ஆனால் தூக்குகிறவனுக்கும் நான் தெரியமாட்டேன். அவன் என் பெயரைக் கூப்பிடுவான், நான் “வந்தேன்” என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரலை வைத்துத்தான் பந்தைத் தூக்குவான். குரல் வராவிட்டால் பந்து மறுபக்கம் போய்விடும்.

எங்கள் பயிற்சியோ சாயங்காலத்தில். மைதானத்தின் ஒரு பக்கம் முழுக்கப் பால்மரம். வரிசை வரிசையாக, உள்ளே போகப் போக இருட்டு. அங்கே நின்றுகொண்டு என் பெயரைக் கேட்டால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பந்து மறுபக்கம் பறக்கும். வாத்தியார் விசிலை ஊதி எல்லார் முன்னாலும் கிழிப்பார்.

எனக்குப் பந்து தூக்குகிறவன் ஜொகூர் பாருவைச் சேர்ந்த கிறிஸ்தவப் பையன். வாய் ஓயாது. “வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?” என்பான். காரணத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்தாலும் விடவில்லை. பாடம் முடிந்த பிறகு தினமும் என்னை நிறுத்தி, முதுகைக் காட்டிக்கொண்டு கூப்பிடுவான். நான் பதில் சொல்லும்வரை நகரமாட்டான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அதையும் இரண்டு மாதத்தில் அசைத்துவிட்டான். வலைக்கு முன்னால் நிற்கும்போது மட்டும், நாலு தடவைக்கு மூன்று தடவை எனக்குக் குரல் வந்தது.

கேலி மட்டும் குறையவில்லை. சில நாள் பால்மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, குரலை இழுத்து என் பெயரை ஒரே ஒரு தடவை கூப்பிடுவான். நான் வெலவெலத்து நிற்பதைப் பார்த்து வெளியே வந்து கைதட்டுவான். எனக்கு ரத்தம் கொதிக்கும். இனி இவன் எதற்குக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று ஒருநாள் வைராக்கியமே எடுத்துக்கொண்டேன்.

தேகப்பயிற்சிப் பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. அன்று அவன் தூக்கிய கடைசிப் பந்து எல்லை தாண்டி மரங்களுக்குள் போய்விட்டது. யார் கையில் பட்டுப் போனதோ அவன்தான் எடுத்து வர வேண்டும், அது வாத்தியார் சட்டம். அவன் போனான். மற்றவர்கள் குளிக்கப் போய்விட்டார்கள். நான் வலையை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

என் பெயர் கேட்டது. ஒரு தடவை. எங்கோ ஆழத்திலிருந்து வருவது போல.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த நொடியே கோபமும் வந்தது, ஆரம்பித்துவிட்டான் என்று. பல்லைக் கடித்துக்கொண்டு வலையைச் சுருட்டினேன். காது மட்டும் இரண்டாவது தடவைக்குக் காத்திருந்தது. வரவில்லை. காற்றுகூட இல்லை. காய்ந்த ரப்பர் காய் ஒன்று படீரென்று வெடித்தது, அவ்வளவுதான்.

வலையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது வாத்தியார் பந்து எங்கே என்று கேட்டார். அப்போதுதான் அவன் இன்னும் திரும்பவில்லை என்று உறைத்தது. விளக்கை எடுத்துக்கொண்டு ஓடினோம். புதர் மூடிய பாழுங்கிணறு ஒன்று உள்ளே இருந்தது. கழுத்தளவு தண்ணீரில், பந்தைக் கட்டிக்கொண்டு, கால் முறிந்து நின்றான். அந்த ஒரு தடவைக்குப் பிறகு, நாங்கள் மேலே நின்று பெயர் சொல்லிக் கத்தும்வரை அவன் சத்தமே போடவில்லை. அது எனக்கு விளங்கவில்லை. கயிறு கட்டித் தூக்கினோம்.

அவனால் பரீட்சைக்கு வர முடியவில்லை. எனக்கு வேறொருவன் பந்து தூக்கினான். அவன் என் பெயரை முடிப்பதற்குள் “வந்தேன்” என்று அலறினேன். இனி என் உயிருள்ளவரை எந்தக் கூப்பாட்டையும் காக்கவைப்பதில்லை என்று எனக்குள் சத்தியம் செய்திருந்தேன். தேறிவிட்டேன். அவனை ஒரு வருடம் பின்தள்ளிவிட்டார்கள்.

மன்னிப்புக் கேட்பதற்காக ஆஸ்பத்திரிக்குப் போனேன். கேட்டும் கேட்காத மாதிரி நின்றேன் என்று சொல்லிவிட வேண்டும், அவன் காறித் துப்பினாலும் துப்பட்டும். காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தான். தேறிய சேதியை முதலில் சொன்னேன். அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே, தானே தேறியது போல என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அன்னைக்கே தெரியும்டா நீ பாஸ்னு. கிணத்துக்குள்ளேருந்து ஒரே தடவைதான் கூப்பிட்டேன். உடனே ‘வந்தேன்’னு சொன்னியே. அதான் நான் அப்புறம் கத்தவே இல்ல. எவ்வளவு கிட்டத்துல கேட்டுச்சு தெரியுமா, தோள்மேல கை வச்சுச் சொன்ன மாதிரி.”

என் கண் அவன் தோளுக்குப் போனது.

“சொல்லிட்டு ஏன்டா அவ்வளவு நேரம் ஆக்கின?” என்று கேட்டான்.

கயிறு தேடினோம் என்று சொன்னேன். சரி என்று தலையாட்டி, என் கையை விடாமலே கண்ணை மூடிக்கொண்டான்.