பிறந்த வீட்டுக்குப் போகும் பெட்ரோல்

கும்பகோணத்து பங்க்கில் எங்கள் பழைய அம்பாசடரின் டேங்க் மூடியைத் திறந்தேன். முகத்தில் அடித்த அந்த வாசனை என்னை மன்னார்குடிப் பக்கத்துச் சின்னப் பையனாக்கிவிட்டது.

ஐப்பசி மழை பிடித்தால் எங்கள் ஊர் மண்பாதையில் கார் இறங்காது. முதல் தூறலுக்கு முன்பே அப்பா டேங்க்கை விளிம்பு வரை நிரப்பி, கொட்டகையில் நிறுத்திவிடுவார்.

“ஓடாத காருக்கு எதுக்குங்க இத்தனை தீனி?” என்பார் அம்மா.

“நெல்லு பாதியா கெடக்குற குதிர்லதான் ஈரம் ஏறும், டேங்க்கும் அப்படித்தான். பொங்கலுக்கு உன் பொறந்த வீட்டுக்குப் போவணுமா, வேணாமா?”

காணும் பொங்கலன்று அம்மா புதுச்சேலை கட்டிக் கொட்டகை வாசலில் நிற்பார். கார் உறுமிய பிறகுதான் சிரிப்பார்.

அப்பா காலமான பிறகும் அவர் வழக்கப்படியே போன ஐப்பசியில் நிரப்பி நிறுத்தினேன். அப்பன் வெட்டிய கிணறென்று உப்புத்தண்ணீரைக் குடிக்கலாமா என்பார்கள். இப்போதைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தையில் பார்த்தால் டேங்க் அடியில் தண்ணீர். ரப்பர் குழாய் ஊறிப்போய், கார் கிளம்பவே இல்லை. அம்மா புதுச்சேலையை மடித்து வைத்துவிட்டார்.

அதனால்தான் இந்த முறை மழைக்கு முன்பே எத்தனால் கலக்காத பெட்ரோலைத் தேடி, அம்மாவோடு இங்கே வந்தேன்.

“இது விலை கூடங்கண்ணே,” என்றார் பங்க்காரர்.

“பரவால்லங்க. பொங்கலுக்கு அம்மா ஊருக்குப் போவணும். கார் கிளம்பியே ஆவணும்.”

“அதுக்கு பஸ்லயே போலாமேண்ணே?”

முன்சீட்டிலிருந்து அம்மா தலையை நீட்டினார். “பஸ்ல போனா என் தம்பி மட்டும்தான் வாசலுக்கு வருவான். கார்ல போனா தெருவே வரும். நீ நிரப்புப்பா.”