நாலு பேரை ஏற்றிப் பார்த்து எடுத்த வண்டி

ஊர் முடிந்து சாலை மேடேறத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது செடியக்காவின் நாற்றுப்பண்ணை. யாரும் வீடு கட்ட விரும்பாத சரிவான நிலம். கல்யாணமான புதிதில் அவரும் கணவருமாக அதைத் தட்டுத் தட்டாக வெட்டினார்கள். கீழ்த்தட்டில் தொட்டிச் செடிகள், நடுவில் பழக்கன்றுகள், உச்சியில் ரோஜா. ரோஜாவுக்கு ஒட்டுக்கட்டுவதில் செடியக்காவுக்கு நல்ல கைராசி. அவர் கட்டிய ஒட்டு பட்டுப்போனதை நான் பார்த்ததில்லை.

ஒரு நாள், ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் கைத்தடியை ஊன்றியபடி வந்து சரிவை அண்ணாந்து பார்த்தார்.

"ரோஜாவெல்லாம் அவ்வளவு மேலயா இருக்கு?"

"ஆமாம்மா. மெதுவா ஏறிடலாம்."

"இந்த முட்டியை வச்சுக்கிட்டா? வேணாம்மா."

செடியக்கா ஓட்டமும் நடையுமாகப் போய் நாலு தொட்டிகளைக் கீழே தூக்கி வந்தார். டீச்சர் ஒன்றை வாங்கிக்கொண்டார். ஆனால் கிளம்பும்போது, "மொத்தமா பூத்து நிக்கிறதை ஒரு தடவை பார்க்கலாம்னுதான் வந்தேன்" என்றார். அந்தச் சொல் செடியக்காவுக்கு முள்ளாகத் தைத்தது. அப்படி எத்தனை பேர் வாசலோடு திரும்பியிருப்பார்கள்?

அன்று சாப்பிடும்போது கணவரிடம் சொன்னார்: "பேட்டரி வண்டி ஒண்ணு வாங்கணுங்க. பழசா இருந்தாலும் போதும்."

"எது, அந்த கோல்ஃப் மைதானத்துல சுத்துமே, அதுவா? செடி விக்கிறவளுக்கு எதுக்கு பந்தடிக்கிறவன் வண்டி?"

"பந்தடிக்கிறவங்களுக்குக் கால் நல்லாத்தானே இருக்கு? அவங்களே உக்காந்து போறாங்க. முட்டி வலிக்கிறவங்க நடக்கணுமா?"

கணவர் தட்டைப் பார்த்துச் சோற்றைப் பிசையத் தொடங்கினார்.

ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்று, கடைவீதியில் பேட்டரி விற்பவரிடம் போய் யோசனை கேட்டார் செடியக்கா. "பெயின்ட்டைப் பார்த்து ஏமாந்துடாதீங்கக்கா" என்றார் அவர். "இந்த வண்டிக்கு உயிரே பேட்டரிதான். சீட்டைத் தூக்கிப் பாருங்க. பேட்டரி மேல செஞ்ச தேதி குத்தியிருக்கும். அப்புறம் ஆளை ஏத்தி, மேட்டுல ஓட்டிப் பாருங்க. சமதரையில எந்த ஓட்டை வண்டியும் ஓடும்."

ஆளுக்குப் பஞ்சமில்லை. கணவர், நாத்தனார், நாத்தனாரின் கணவரான ரொட்டிக்கடைக்காரர் என்று மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு, பழைய வண்டி விற்கும் இடத்துக்குப் போனார். ரொட்டிக்கடைக்காரர் தன் சரக்கைத் தானே சாப்பிட்டு வளர்ந்தவர். அவர் ஒருவரே இரண்டு பேருக்குச் சமம்.

அங்கே செக்கச் சிவந்த வண்டி ஒன்று நின்றது. புது சீட்டு, முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. செடியக்கா ஒரு கணம் சொக்கித்தான் போனார்.

"அண்ணி, இதுல நீங்க உக்காந்தா ராணியேதான்!" என்றாள் நாத்தனார்.

ராணி சீட்டைத் தூக்கிப் பார்த்தார். பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. தேதி இருக்க வேண்டிய இடத்தை யாரோ சுரண்டியிருந்தார்கள்.

"பேட்டரிக்கு என்ன வயசு தம்பி?"

"புதுசு மாதிரிதாம்மா."

"மாதிரின்னா எத்தனை வயசு?"

வண்டி விற்பவர் சிரித்து மழுப்பினார். எதிரே இருந்த பாலத்து ஏற்றத்தில் ஓட்டிக் காட்டச் சொன்னார் செடியக்கா. விற்பவர் ஓட்ட, நால்வரும் நெருக்கியடித்து ஏறிக்கொண்டார்கள். பாதி தூரத்தில் வண்டி முனகியது, பெருமூச்சு விட்டது, நின்றே போனது.

"நீங்க எல்லாருமே கொஞ்சம் திடகாத்திரமா இருக்கீங்க…" என்று இழுத்தார் விற்பவர்.

"ஏன் தம்பி, ரோஜா பார்க்க வர்றவங்க பட்டினி கிடந்துட்டா வருவாங்க?" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

எல்லோரும் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தார்கள். வழியெல்லாம் சிரிப்புதான். வீட்டுக்குக் கிளம்பியபோது செடியக்கா மட்டும் திரும்பித் திரும்பி அந்தச் சிவப்பைப் பார்த்தபடி வந்தார். மனசு விட்டால்தானே.

அடுத்த மாதம், ஒரு பெரிய ஹோட்டல் தன் பழைய வண்டியைத் தள்ளிவிடப் போவதாகப் பேட்டரிக் கடைக்காரர் சொல்லி அனுப்பினார். மறுபடியும் அதே படை கிளம்பியது. வண்டியைப் பார்த்ததும் நாத்தனாரின் முகம் சுருங்கியது. வெளுத்துப்போன வெள்ளை, கிழிந்த சீட்டு, விரிசல் விட்ட கூரை.

அதைப் பராமரித்த மெக்கானிக் பூசி மெழுகவில்லை. "கூரை ஒழுகும்மா. பிரேக் போட்டா கத்தும். ரெண்டையும் நீங்க சரி பண்ணித்தான் ஆகணும். ஆனா பேட்டரி போன வருஷம் மாத்தினது."

செடியக்கா சீட்டைத் தூக்கினார். தேதி தெளிவாக இருந்தது. முனைகளில் கிரீஸ் தடவியிருந்தது. சார்ஜரைப் போட்டுக் காட்டச் சொல்லி, அது வேலை செய்வதையும் பார்த்தார். பிறகு மெக்கானிக் ஓட்ட, ஹோட்டலின் பாதாள கார் நிறுத்தத்திலிருந்து மேலே வரும் ஏற்றத்தில் நால்வருமாக ஏறினார்கள். வண்டி நிதானமாக ஏறியது. நட்டநடு ஏற்றத்தில் செடியக்கா சட்டென்று, "நிறுத்துங்க" என்றார்.

"ஏம்மா, பயமா இருக்கா?"

"இல்லை. எங்க பண்ணையில யாராவது பாதியில நிறுத்தி, அந்தச் செடி என்னன்னு கேப்பாங்க. நின்ன இடத்துலேருந்து கிளம்புதான்னு பார்க்கணும்."

இதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. மெக்கானிக் நிறுத்தி, மீண்டும் மிதித்தார். வண்டி ஒரு விரல்கூடப் பின்வாங்காமல் மேலேறி வெயிலுக்கு வந்தது. அதுவரை வேண்டாவெறுப்பாக உட்கார்ந்திருந்த கணவர், முதல் தடவையாகத் தானே பேசினார்: "எடுத்துடு."

கூரையும் பிரேக்கும் சரியாயின. நாத்தனார் சீட்டுக்கு உறை தைத்துக் கொடுத்தாள். ஓட்டக் கற்ற முதல் நாளே செடியக்கா ஒரு வரிசைத் தொட்டிகளைச் சாய்த்தார். "நம்ம தொட்டிதானே" என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டு மறுபடி ஓட்டினார். கை படிந்ததும் டீச்சருக்குப் போன் போட்டு வரவழைத்து, உச்சித்தட்டுக்கு அழைத்துப் போனார். டீச்சர் வண்டியிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரோஜா அப்போது மொத்தமாகப் பூத்து நின்றது.

இப்போது முதியோர் இல்லத்திலிருந்து சனிக்கிழமைதோறும் கூட்டமாக வருகிறார்கள். கணவர்தான் வாசலில் வரவேற்பு. "அதோ இறங்கி வருது பாருங்க, நம்ம வண்டி. ஓட்டிட்டு வர்றது எங்க வீட்டம்மா. பார்த்து எடுத்ததும் அவதான். நான் சும்மா கூடப் போனேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். நடுத்தட்டு வரைக்கும் கேட்கிற குரல் அது. செடியக்கா காதில் விழாதது போலத்தான் ஓட்டுகிறார். ஆனால் முதுகு மட்டும் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்துகொள்கிறது.