ஆண்டையும் ஆண்டவரும்

1. எரிந்த மோட்டார்

திருவையாறு பக்கம் ஒரு வயலில் சப்மெர்சிபிள் மோட்டார் ஓடவில்லையென்று போன் வந்தது. போய்ப் பார்த்தால் உள்ளே காயில் கம்பி கருகிக் கிடந்தது. மோட்டாரை போர்வெல் குழாயிலிருந்து மேலே இழுக்கக் கூடமாட நின்றவர் கோவிந்தன். நிலத்துக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். தண்ணீர் பாய்ச்சுவது முதல் எல்லாம் இவர் பொறுப்பு.

நான் எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றித் தரும் ரீவைண்டிங் கடைக்காரன். ஞாயிற்றுக்கிழமை சபையில் ஜெபம் நடத்துவேன். குருப்பட்டம் கிடையாது, சம்பளமும் கிடையாது. வேலைக்குப் போகிற இடத்திலும் இயேசுவைப் பற்றி நாலு வார்த்தை சொல்வேன். பாதிப் பேர் தலையாட்டுவார்கள். மீதிப் பேர் அந்தச் சாக்கில் கூலியைக் குறைக்கப் பார்ப்பார்கள். கோவிந்தன் மட்டும் உட்கார்ந்து கேட்டார். மோட்டாரைத் திரும்ப இறக்கிய அன்று அவரே பேச்சை எடுத்தார்.

"என் சம்சாரம் பாக்கியம் பெரியாஸ்பத்திரியில கெடக்குது சார். டாக்டரு கைய விரிச்சிட்டாரு. நீங்க சொன்னத அதுகிட்ட சொன்னேன். அவர வந்து ஜெபம் பண்ணச் சொல்லுன்னு கேக்குது."

2. வார்டில்

மறுநாள் போனேன். பாக்கியம் கண் திறந்துதான் படுத்திருந்தார். வழக்கம்போல ஆரம்பித்தேன்: "ஆண்டவரே, உம்முடைய அடிமையாகிய பாக்கியத்தை..."

கோவிந்தன் என் தோளைத் தொட்டு வராண்டாவுக்கு அழைத்துப் போனார்.

"எங்கப்பாரு பண்ணைக்காரர 'ஆண்டே, ஆண்டே'ன்னு கூப்புட்டுக்கிட்டே செத்தாரு. இதோட ஆத்தாளும் அப்படித்தான். அடிமைன்னு கேட்டதெல்லாம் போதாதா சார்? போற நேரத்துலயும் அதச் சொல்லியா அனுப்பணும்? வேற மாதிரி சொல்லுங்க."

அவர் கோபப்படவில்லை, கெஞ்சினார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

3. ஐயர் சொன்னது

எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் கேட்டேன்.

"வேதத்துல உள்ள வார்த்தைங்க, நாம மாத்த முடியாது. நீங்க ஆளக் கூட்டிட்டு வாங்க, வெளக்கம் நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

கோவிந்தனுக்குப் போன் போட்டு, எங்கள் ஐயர் வந்து ஜெபிக்கட்டுமா என்றேன்.

"அங்கயும் ஐயருதானா சார்?" என்று சிரித்தார். "நீங்களே வாங்க."

போனேன். ஆண்டவர், அடிமை, ஊழியம் எல்லாவற்றையும் தள்ளிவைத்தேன். விசுவாசம்கூட, பண்ணைக்காரர்கள் நல்ல வேலையாளுக்குக் கொடுத்த பட்டம்தானே. அதையும் தள்ளினேன். கட்டிலருகே நின்றால் வாயில் ஒன்றும் வரவில்லை. அந்தச் சொற்கள் போனால் என்னிடம் ஜெபமே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாக்கியம் கைகூப்பியபடி என் வாயையே பார்த்திருந்தார். பிறகு கணவரிடம் கேட்டார்: "ஏன் பேசாம நிக்கிறாரு?"

"மனசுக்குள்ள சொல்றாரு" என்றார் கோவிந்தன்.

மனசுக்குள்ளும் ஒன்றும் இல்லை. பாக்கியம் நம்பிக் கண்ணை மூடிக்கொண்டார். விடிவதற்குள் போய்விட்டார்.

4. இளைஞர்களுக்கு

சாதாரண சபையார் எப்படி விசுவாசத்தைப் பகிர்வது என்று பிள்ளைகள் என்னைக் கேட்கிறார்கள். ஐயருக்குப் பிரசங்க பீடம் இருக்கிறது. நமக்கு இருப்பது பக்கத்தில் நிற்கிற மனுஷன்தான். அவன் காதில் சுடாத ஒரு சொல்லையாவது முன்னமே தேடி வையுங்கள். ஆண்டவரே என்பதற்குப் பதில் "அப்பா" என்ற சொல் எனக்குச் சுடுகாட்டிலிருந்து திரும்பும் பஸ்ஸில்தான் தோன்றியது. என்ன பிரயோசனம்.

மோட்டார் கோளாறென்றால் கோவிந்தன் இப்போதும் என்னைத்தான் கூப்பிடுகிறார். டீ வாங்கித் தருகிறார். சாமியைப் பற்றி மட்டும் கேட்பதில்லை.