பச்சைக் கண்ணாடி விளக்கு

சின்னக் காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்கு மின்சார விளக்கு வந்தபோது, நகராட்சி கழற்றிப்போட்ட பழைய மண்ணெண்ணெய்த் தெருவிளக்குகளை ஏலத்தில் எடுத்து, துடைத்து வீட்டில் மாட்டினேன். தினமும் சாயங்காலம் ஒருவர் ஜன்னல் வழியே அவற்றை உற்றுப் பார்ப்பார். முன்பு அந்த விளக்குகளை ஏற்றி வந்தவர்தான். திருடத்தான் நோட்டம் விடுகிறார் என்று கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கினேன்.

ஒரு நாள் பொறுக்காமல் கத்தினேன். “எதைத் தூக்கலாம்னு பாத்துக்கினு இருக்கே?”

அவர் பச்சைக் கண்ணாடி விளக்கைக் காட்டினார். “அது கோயில் முனை விளக்குபா. மூடியில ஈயம் வெச்சு ஒட்டுனது நான்தான். அது ஒண்ணு காணோம்னு சொல்லி, எனக்கு வேற வேலை குடுக்காம நிறுத்திட்டாங்க. ஏலத்துலதான் வந்துச்சா? சீட்டு இருந்தா குடுபா, ஆபீசுல காட்டறேன்.”

அந்த விளக்குக்குச் சீட்டு கிடையாது. ஏலத்துக்கு முந்தின வாரம், யாருக்கும் தெரியாமல் ஏணி வைத்து நானே கழற்றியது அது.

“தேடிப் பாக்கறேன்” என்றேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் சாயங்காலம் வாசலில் அவர் குரல் கேட்டது. “சீட்டு கெடைச்சுதாபா?”

உள்ளே விளக்கை அணைத்துவிட்டு, மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதன்பிறகு யாரையும் திருடன் என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.