வெள்ளிக்கிழமைப் புகை

சுமலதாவுக்கு நார் மில்லில் ஒரு வேலை உண்டு. உட்கார்ந்து பார்ப்பதுதான் அந்த வேலை. கேட்கிறவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். அவள் வீட்டுக்காரர் சத்யராஜே சிரித்தார். "ஊர்ல பாதிப் பேரு உக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கறான். உனக்கு மட்டும் சம்பளமா?" என்றார்.

நான் சலாவுதீன். நல்லம்பள்ளியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். இண்டூர்ப் பக்கம் இருக்கிற அந்த மில்லில் மெஷின் உடைந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தேங்காய் மட்டையை அடித்து நாராக்கிக் கட்டுக்கட்டாகக் கட்டி லாரியில் ஏற்றுகிற மில். எங்கே பார்த்தாலும் நார்த்தூள். உத்தரத்தில் இருக்கும், மோட்டார் மேல் இருக்கும், சுவர் இடுக்கில் இருக்கும், சாப்பாட்டு டப்பா மூடியில்கூட இருக்கும். வெல்டிங் பொறி ஒன்று அதில் விழுந்தால் உடனே எரியாது. உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டு கிடக்கும். ஆட்கள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு எழுந்து நிற்கும். பக்கத்தில் ஒரு மில் அப்படித்தான் சாம்பலாய்ப் போனது.

அதைப் பார்த்த பிறகு இந்த மில் முதலாளி ஒரு ஏற்பாடு செய்தார். வெல்டிங் வைக்கிற இடத்தைக் கூட்டித் தண்ணி தெளிக்கணும். கட்டுகளைத் தூரமாகத் தள்ளணும். தள்ள முடியாததுக்குத் தீப்பிடிக்காத போர்வை போர்த்தணும். மணல் வாளி, தண்ணி வாளி, தீயணைக்கிற சிவப்பு சிலிண்டர் எல்லாம் கைக்கெட்டுகிற மாதிரி இருக்கணும். இதெல்லாம் போக, வேலை முடிந்த பிறகும் ஒரு ஆள் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்து பார்க்கணும். நார் உலர்த்திக்கொண்டிருந்த சுமலதாவை அந்த ஆளாகப் போட்டார்.

அவள் வத்தல்மலையில் பிறந்தவள். கேழ்வரகும் சாமையும் விதைக்கிற குடும்பம். கல்யாணம் ஆகிக் கீழே வந்தாள். எதைச் சொன்னாலும் முதலில் கலங்கிப் போவாள், அப்புறம் திருப்பிக் கேட்பாள், அதற்கப்புறம்தான் செய்வாள். "பாய், நெருப்பு இருந்தா பாக்கலாமுங்க. இல்லாத நெருப்ப எப்பிடிங்க பாக்கறது?" என்று முதல் நாளே கேட்டாள். "புகை வருதா பாரு, கருகற வாசம் வருதா பாரு, தங்கச்சி" என்றேன்.

ஒரு நாள் கூரை ஓட்டையில் வெயில் விழுந்து தூள் பறந்திருக்கிறது. அதைப் புகை என்று நினைத்து, காய்ந்த கட்டுகள் மேல் வாளித் தண்ணியைக் கொட்டிவிட்டாள். நனைந்த நாரை வியாபாரி எடுக்க மாட்டான். சூப்பர்வைசர் சந்திரமோகன் கத்தித் தீர்த்துவிட்டார். "இன்னொரு தடவ இப்பிடிப் பண்ணா வேற ஆள் பாத்துக்குவோம்மா." அன்றிலிருந்து பாவம், அவளுக்கு ரெண்டு பக்கமும் பயம். சொல்லாமல் விட்டால் மில் போய்விடும். சும்மாவே சொல்லிவிட்டால் வேலை போய்விடும்.

இப்படி இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை நார் சலிக்கிற உருளையைத் தாங்குகிற தாங்கி ஒட்டு விட்டுப்போச்சு என்று கூப்பிட்டார்கள். அந்தத் தாங்கி ஒரு இரும்பு ஆங்கிளில் நிற்கிறது. ஆங்கிள் சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறை வரைக்கும் போகும். அந்த அறையில்தான் கட்டுகளை அடுக்குவார்கள். அங்கேயும் சுவரை ஒட்டி ஒன்றும் இல்லாமல் தள்ளி வைக்கச் சொல்லி, கண்ணால் பார்த்த பிறகுதான் பிஸ்மில்லா சொல்லி ஆரம்பித்தேன். முடிக்கும்போது ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டது. கை கால் கழுவி, சட்டை மாற்றி, அத்தர் தடவிக்கொண்டேன். "பாத்துக்கோ தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குக் கிளம்பினேன்.

தொழுதுவிட்டுத் திரும்பி வந்தால், சுமலதா முந்தானையை மூக்கில் வைப்பதும் எடுப்பதுமாக நின்றுகொண்டிருக்கிறாள். அவளுக்கு முன்னால் பச்சியப்பன், கையில் சாம்பிராணிச் சட்டி. கொட்டாங்குச்சிக் கங்கு செக்கச்செவேலென்று இருக்கிறது. மில் முழுக்கப் புகை.

பச்சியப்பன் அந்த மில்லின் பழைய ஆள். வெள்ளிக்கிழமை தோறும் மெஷின்களுக்கெல்லாம் சாம்பிராணி காட்டுவது அவர் வழக்கம். வெல்டிங் ஆன நாளும் வெள்ளியும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது என்று அதுவரைக்கும் யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

"பாய், சாம்பிராணிக்குள்ள இன்னொரு வாசம் இருக்கற மாதிரி இருக்குதுங்க. இல்லாத மாதிரியும் இருக்குது" என்றாள்.

"இருக்குதா, இல்லியா? ஒண்ணச் சொல்லு" என்றார் சந்திரமோகன். வெளியே லாரி நின்றது. லோடுமேன்கள் ஏற்றக் காத்திருந்தார்கள்.

"அதாங்க தெரியல."

நான் கிட்டே போய் மூக்கை உறிஞ்சினேன். அவள் தயங்கிக்கொண்டே, "கோச்சுக்காதீங்க பாய், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க மேல அத்தர் வாசம் தூக்குது, மூணாவதும் சேந்துக்குது" என்றாள். லோடுமேன்கள் சிரித்துவிட்டார்கள். நான் நகர்ந்து நின்றேன். அவள் சொன்னது சரிதான். என் மூக்குக்கு அத்தரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"பச்சியப்பண்ணா, அந்தச் சட்டியில தண்ணி ஊத்திருங்களேன். வாசம் போனா தெரிஞ்சிரும்."

"சாமிக்குக் காட்டுனதுல தண்ணி ஊத்தறதா? நல்லா இருக்குது உன் ஞாயம்! நீ மலையில பொறந்தவதானே, உனக்குத் தெரியாதா?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. அவளும் சாமி கும்பிடுகிறவள்தான். கடைசியில் சட்டியை வெளியே கொண்டுபோய் வெறுந்தரையில் வைத்தார் பச்சியப்பன். நாங்கள் காத்திருந்தோம். வாசம் போகவே இல்லை. நாரில் ஏறின சாம்பிராணி அவ்வளவு லேசில் இறங்குமா? லோடுமேன் ஒருவன் கருகுகிறது என்றான். இன்னொருவன் உன் பீடி வாசம்டா என்றான். பச்சியப்பன், "என்னயக் கேக்காதீங்க, சளி புடிச்சு ஒரு வாரமாச்சு" என்றார்.

சுமலதா உருளைக்குக் கீழே குனிந்து பார்த்தாள், தரையைத் தடவிப் பார்த்தாள், ஈரமாகத்தான் இருந்தது. நான் வெல்டிங் வைத்த இடத்துக்குப் பக்கத்தில் சூடு பார்க்கப் புறங்கையைக் கொண்டுபோனாள். ஆங்கிளை ஒட்டியே கையைக் கொண்டுபோய்ச் சுவர் வந்ததும் நின்றாள்.

"இது அந்தப் பக்கம் எங்கீங்க போகுது?"

எல்லாரும் அடுத்த அறைக்குப் போனோம். காலையில் காலியாக இருந்த சுவரை ஒட்டி இப்போது கட்டுகள் ஆள் உயரத்துக்கு நின்றன. லாரி வந்ததும் ஏற்ற வசதியாக இருக்கட்டும் என்று லோடுமேன்கள் இழுத்து வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பச்சியப்பனும் லோடு நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று அந்தக் கட்டுகளுக்கும் சாம்பிராணி காட்டியிருக்கிறார். அங்கேயும் ஒரே புகைமூட்டம்.

"இத எல்லாம் பிரிக்கணுமுங்க" என்றாள் சுமலதா.

"பிரிச்சா திரும்ப அடுக்கறது யாரு? லாரிக்காரன் நிப்பானா?" சந்திரமோகன் அவள் முகத்தையே பார்த்தார். "உன் பேர்ல பிரிக்கச் சொல்றேன். உள்ள ஒண்ணும் இல்லன்னா நாளைக்கு நீ வர வேண்டாம். சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு என்ன தெரியும்? இருக்கும் என்று சொல்லவும் பயம், இல்லை என்று சொல்லவும் பயம். வாய்க்குள்ளேயே துஆ ஓதிக்கொண்டிருந்தேன். அவள் கண்ணை மூடி, "தீர்த்தமலையானே" என்றாள். அப்புறம், "பிரிங்கண்ணா" என்றாள்.

மேல் கட்டு சுத்தம். அடுத்ததும் சுத்தம். அவள் அழுகிற மாதிரி ஆகிவிட்டாள். அடிக்கட்டைக் கொக்கி போட்டு இழுத்ததும் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு குழி தெரிந்தது. காற்றுப் பட்டதும் குழிக்குள் சிவப்பாக ஓடியது.

"எட்டப் போங்க!" என்று கத்தினாள். சுமலதா கத்தி நான் கேட்டதே இல்லை. லோடுமேன்கள் அந்தக் கட்டைக் கொக்கியாலேயே வெளியே இழுத்துப் போட்டார்கள். கட்டு கிடந்த இடத்தில் அவள் தண்ணியை ஊற்றினாள். நான் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே கட்டைக் கலைத்துக் கலைத்துத் தண்ணி ஊற்றினோம். அல்லாஹ் காப்பாற்றினான். ஒருவருக்கும் காயம் இல்லை.

முதலாளி காரை விட்டு இறங்கினதும் கேட்ட முதல் கேள்வி, "யாரால ஆச்சு?"

ஆங்கிள் நுழைகிற இடத்தில் சுவரில் எலி போகிற அளவுக்குச் சந்து இருந்தது. அந்த வழியாக என் பொறி போயிருக்கலாம். இல்லை, பச்சியப்பனின் சட்டியிலிருந்து ஒரு கங்கு தெறித்திருக்கலாம். கொட்டாங்குச்சி வெடிக்கும், எல்லாருக்கும் தெரியும். பச்சியப்பன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். எல்லாருமாகச் சேர்ந்து சுமலதாவைப் பார்த்தோம். பார்க்கிற வேலை அவளுடையதுதானே.

"தெரியலீங்க" என்றாள்.

"உன்ன எதுக்கு உக்கார வெச்சிருக்குது?"

"நான் இந்தப் பக்கம் பாத்தனுங்க. சுவத்துக்கு ரெண்டு பக்கம் இருக்குதுங்களே." கொஞ்சம் யோசித்தாள். "இனி அந்தப் பக்கமும் ஒரு ஆளு வேணுமுங்க. வெல்டிங் வெச்ச அன்னிக்கு சாம்பிராணி வேண்டாமுங்க. மத்த வெள்ளிக்குக் காட்டட்டும். காட்டி முடிச்சப்பறம் நான் அதுக்கும் உக்காந்து பாக்கறேன்."

"சாமி மேலயே சந்தேகமா உனக்கு?" என்றார் பச்சியப்பன்.

"சாமி மேல இல்லண்ணா. கொட்டாங்குச்சி மேலதான்."

முதலாளி சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. கறுத்துப்போன கட்டைக் காலால் புரட்டினார். "லாரி நாளைக்கு வரட்டும்" என்று சந்திரமோகனிடம் சொன்னார். பிறகு சுமலதா பக்கம் திரும்பி, "அப்ப உக்காரு. நல்லா ஆறுற வரைக்கும் உக்காரு" என்றார்.

தப்பு என்னுடையதா, பச்சியப்பனுடையதா என்று இன்று வரைக்கும் எனக்கு விளங்கவில்லை. ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுப் பார்க்கிறேன்.

அன்றைக்கு லோடுமேன்கள் போய்விட்டார்கள். அந்தப் பக்கத்துக்கு ஆள் இல்லை. சுமலதா உருளைக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். நான் அத்தர் வாசம் ஏறின சட்டையைக் கழற்றி பைக்கில் போட்டுவிட்டு, வேலைச் சட்டையோடு சுவருக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன்.